படகில் ஸ்டீரியோ: ஒயரிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் சிறிய, நடுத்தரப் படகுகளுக்கானது. படகில் பாட்டு நின்றுபோனால் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது டாஷ்போர்டில் இருக்கும் ஸ்டீரியோ பெட்டியான ஹெட் யூனிட்டை. பெரும்பாலும் கெட்டிருப்பது அது அல்ல. ஒரு மூட்டு பச்சை பிடித்திருக்கும், மைனஸ் ஒயர் மெலிந்ததாக இருக்கும், அல்லது ஃபியூஸ் ஹோல்டருக்குள் தண்ணீர் போயிருக்கும். செலவைக் குறைத்தே ஆக வேண்டுமென்றால் ஸ்பீக்கரில் குறைத்துக்கொள்ளுங்கள். ஒயர், டெர்மினல், ஃபியூஸ் மூன்றிலும் கை வைக்காதீர்கள்.

கார் ஸ்டீரியோவையே படகில் போடலாமா?

போட்டால் பாடும். எத்தனை நாள் பாடும் என்பதுதான் விஷயம். கார் செட்டின் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டுக்கு ஈரத்தைத் தடுக்கும் பூச்சு இருக்காது. உப்புக் காற்று உள்ளே நுழைந்து, இரவில் ஈரமாகி, பகலில் காய்ந்து, மறுபடி ஈரமாகும். ஒவ்வொரு சுற்றிலும் சாலிடர் முனைகளில் அரிப்பு கொஞ்சம் முன்னேறும். படகுக்கான செட்டில் போர்டு முழுக்க மெல்லிய பாதுகாப்புப் பூச்சு இருக்கும். திருகுகள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இருக்கும், முகப்பு பிளாஸ்டிக் வெயிலில் வெளுக்காமல் தாங்கும்.

மூடிய கேபினுக்குள், நன்னீரில் ஓடும் படகாக இருந்தால் கார் ஹெட் யூனிட்டைப் பொறுத்துக்கொள்ளலாம். திறந்த தளத்தில் கார் ஸ்பீக்கர் மட்டும் வேண்டவே வேண்டாம். காகிதக் கோன் ஊறி உப்பிவிடும், இரும்புக் கூடையும் காந்தத் தகடும் துருப்பிடித்து அந்தத் துகள் வாய்ஸ் காயிலின் இடுக்கில் போய் உரசும். படகு ஸ்பீக்கரில் கோன் பாலிப்ரொப்பிலீனில் இருக்கும், சுற்று வளையம் ரப்பரில் இருக்கும்.

பெட்டியில் ஐ.பி.எக்ஸ் 5, ஐ.பி. 65, ஐ.பி.எக்ஸ் 7 என்று இருக்கிறதே, எது போதும்?

எக்ஸுக்கு அடுத்த எண் தண்ணீரைப் பற்றியது. 5 என்றால் எந்தத் திசையிலிருந்தும் பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும், 6 என்றால் இன்னும் வலுவான பீய்ச்சலை. 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கினாலும் தாங்கும். எக்ஸ் இருக்கும் இடத்தில் எண் இருந்தால் அது தூசிக்கானது. 6 என்பது தூசி அறவே புகாது என்று பொருள். திறந்த தளத்துக்கு 5 குறைந்தபட்சம், 6 நல்லது.

ஒன்றைக் கவனியுங்கள்: பல செட்டுகளில் இந்த எண் முகப்புக்கு மட்டுமே பொருந்தும், அதுவும் கேஸ்கெட்டோடு சரியாகப் பொருத்திய பிறகுதான். பின்பக்கம் திறந்தே இருக்கும். டாஷ்போர்டின் பின்னால் தண்ணீர் சொட்டும் இடமென்றால் முகப்பின் எண் உங்களைக் காப்பாற்றாது.

ஆம்ப்ளிஃபையர் இல்லாமல் ஒரு ஹெட் யூனிட், நான்கு ஸ்பீக்கர். என்னென்ன வாங்க வேண்டும்?

பேட்டரியிலிருந்து டாஷ்போர்டுக்கு ஒயர் ஓடும் பாதை 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். டின் பூசிய, பல இழைச் செம்பு ஒயர் 6 சதுர மி.மீ. அளவில் பிளஸ்ஸுக்கு 5 மீட்டர், மைனஸுக்கு 5 மீட்டர். ஸ்பீக்கருக்கு 1.5 சதுர மி.மீ. இரட்டை ஒயர் 20 முதல் 25 மீட்டர். பேட்டரிப் பக்கத்துக்கு நீர்புகாத ஃபியூஸ் ஹோல்டர் ஒன்று, அதற்கு 15 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ் மூன்று, அதாவது போடுவதற்கு ஒன்று, கையிருப்புக்கு இரண்டு. இரண்டு ஒயரை முனையோடு முனை சேர்க்கும், பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் உறை) பட் கனெக்டர் 15, திருகில் மாட்டும் வளையமுள்ள ரிங் டெர்மினல் 6, கேபிள் கிளிப் 40, துளைகளின் ஓரம் ஒயரை அறுக்காமல் காக்கும் ரப்பர் வளையம் (குரோமெட்) தேவையான அளவு. டெர்மினலை ஒயரின் மேல் அழுத்திப் பிடிக்கவைக்கும், ராட்செட் உள்ள கிரிம்பிங் கருவியும் மல்டிமீட்டரும் இல்லாமல் வேலையைத் தொடங்காதீர்கள்.

மஞ்சள் ஒயர் பிளஸ்ஸா, மைனஸா?

படகு ஸ்டீரியோ வேலையில் மிகவும் ஆபத்தான குழப்பம் இதுதான். ஸ்டீரியோவின் முதுகிலிருந்து வரும் ஒயர்க் கொத்தில், அதாவது ஹார்னஸில், மஞ்சள் என்றால் நிரந்தர 12 வோல்ட் பிளஸ். படகின் ஒயரிங்கிலோ மஞ்சள் என்றால் டி.சி. மைனஸ்! அமெரிக்கப் படகு மற்றும் யாட் கவுன்சிலின் இ-11 தரத்தின்படி டி.சி. மைனஸ் கறுப்பாகவோ மஞ்சளாகவோ இருக்கலாம். படகு கரையில் நிற்கும்போது எடுக்கும் ஏ.சி. மின்சாரத்திலும் அமெரிக்க முறையில் கறுப்பே மின்சாரமுள்ள (லைவ்) ஒயராக வருவதால், இரண்டையும் ஒருவர் மாற்றிப் பிடித்துவிடக் கூடாது என்றே மஞ்சளுக்கு முன்னுரிமை தரப்படுகிறது.

ஆகவே "மஞ்சளோடு மஞ்சள்" என்று சேர்த்தால் ஸ்டீரியோவின் பிளஸ் நேராகப் படகின் மைனஸோடு போய் நிற்கும். நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொன்றையும் சரிபாருங்கள். ஹார்னஸின் மஞ்சள் ஒயரில் சிவப்பு ஹீட் ஷ்ரிங்க் துண்டு ஒன்றை மாட்டி, "பிளஸ்" என்று எழுதி ஒட்டிவிடுங்கள். அடுத்து அந்தப் பேனலைத் திறப்பவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.

ஹார்னஸின் மற்ற நிறங்கள்?

பரவலான வழக்கம் இது. சிவப்பு, சுவிட்ச் வழியாக வரும் பிளஸ். கறுப்பு, மைனஸ். நீலத்தில் வெள்ளைக் கோடு, ஆம்ப்ளிஃபையரை விழிக்கச் செய்யும் ரிமோட். வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. இந்த நான்கிலும் கறுப்புக் கோடு உள்ளது அந்தந்த ஸ்பீக்கரின் மைனஸ். எல்லாத் தயாரிப்பாளரும் இதைப் பின்பற்றுவார்கள் என்று எண்ணாமல் கையேட்டைப் பாருங்கள்.

மஞ்சள் வெறும் நினைவகத்துக்குத்தானே, மெல்லிய ஒயர் போதாதா?

போதாது. கடிகாரமும் ஸ்டேஷன் நினைவும் மஞ்சளில் இருப்பதால் அதை "மெமரி ஒயர்" என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். உண்மையில் பெரும்பாலான ஹெட் யூனிட்டுகளில் பாட்டுக்கான முழு மின்சாரமும் மஞ்சள் வழியாகத்தான் வருகிறது. சிவப்பு வெறும் "எழுந்திரு" என்ற சைகை. தடித்த ஒயரைச் சிவப்புக்கும் நூல் போன்றதை மஞ்சளுக்கும் கொடுத்துவிட்டு, சத்தம் கூட்டினால் செட் அணைகிறது என்று வருந்துவோர் நிறைய. மஞ்சளுக்கும் கறுப்புக்கும் தடித்த ஒயர் கொடுங்கள். சிவப்புக்கு 1 சதுர மி.மீ. போதும், தனியாக 2 அல்லது 3 ஆம்பியர் ஃபியூஸோடு.

மஞ்சளையும் சிவப்பையும் ஒரே சுவிட்சில் சேர்த்துவிடலாமா?

வாரத்தில் ஒருநாள் மட்டும் எடுக்கும் படகென்றால் அதுவே நல்லது. சுவிட்சை அணைக்கும்போது கடிகாரம் அழியும், சில செட்டுகளில் ஸ்டேஷன்களும் அழியும். பதிலுக்கு பேட்டரி பிழைக்கும். கணக்கு இது: அணைந்த நிலையில் செட் 20 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ அரை ஆம்பியர்-அவர், 30 நாளில் 14.4. உங்கள் செட் எவ்வளவு இழுக்கிறது என்பதை மல்டிமீட்டரை மஞ்சள் ஒயரோடு வரிசையாக இணைத்து அளந்து பாருங்கள். புளூடூத் உள்ள செட்டுகளில், சிவப்பு ஒயரில் மின்சாரம் இருக்கும் வரை பட்டனை அழுத்தி அணைத்தாலும் அவை முழுதாக உறங்குவதில்லை. சுவிட்ச் மஞ்சளையும் தாங்க வேண்டும் என்பதால் 15 ஆம்பியருக்குக் குறையாததாக இருக்கட்டும்.

மைனஸை எங்கே இணைப்பது? படகின் உடம்பில் கொடுத்தால் ஆகாதா?

காரில் உடம்பே மைனஸ். ஃபைபர், மரப் படகுகளில் உடம்பு மின்சாரத்தைக் கடத்தாது, அதனால் அந்தத் தவறு நடக்க வழியில்லை. அலுமினியப் படகில்தான் ஆசை வரும். ஒரு திருகைப் போட்டு மைனஸை உடம்பில் மாட்டினால் செட் ஓடும், கூடவே உடம்பும் அரிக்கத் தொடங்கும். தண்ணீருக்குள் இருக்கும் உலோகத்தின் வழியே கசியும் மின்சாரம் அலுமினியத்தைக் குழிகுழியாகத் தின்னும். எந்தப் படகானாலும் ஒவ்வொரு கருவிக்கும் தனி மைனஸ் ஒயர், அது எல்லா மைனஸும் வந்து சேரும் உலோகப் பட்டையான மைனஸ் பஸ் பாருக்கு, அங்கிருந்து பேட்டரிக்கு.

ஹெட் யூனிட், ஆம்ப்ளிஃபையர் இரண்டின் மைனஸும் ஒரே பஸ் பாரில் வந்து சேரட்டும். ஒன்று டாஷ்போர்டின் அடியிலும் மற்றது பேட்டரியிலும் முடிந்தால் இரைச்சலுக்கு விதை போட்டாயிற்று. அதைக் கீழே விளக்கியிருக்கிறோம்.

ஒயரின் தடிமனை எப்படிக் கணக்கிடுவது?

அட்டவணையை மனப்பாடம் செய்வதைவிட ஒரு சின்னக் கணக்கைக் கற்றுக்கொள்வது மேல். செம்பு ஒயரின் தடை, மீட்டருக்கு 0.0175-ஐ சதுர மி.மீ. அளவால் வகுத்தால் வருவது, ஓமில். அதைப் போகவும் வரவும் உள்ள மொத்த நீளத்தால் பெருக்கி, ஆம்பியரால் பெருக்கினால் வழியில் தொலையும் வோல்ட் கிடைக்கும். போகும் தூரத்தை மட்டும் கணக்கில் எடுப்பது பலரும் செய்யும் பிழை. மின்சாரம் மைனஸ் ஒயரிலும் அதே தூரம் திரும்பி வருகிறது.

10 ஆம்பியர் இழுக்கும் ஹெட் யூனிட், பேட்டரியிலிருந்து 5 மீட்டர், ஆக மொத்தம் 10 மீட்டர். 2.5 சதுர மி.மீ. போட்டால் 0.7 வோல்ட் இழப்பு, 12 வோல்ட்டில் இது 5.8 சதவீதம். 4 போட்டால் 0.44 வோல்ட், 3.6 சதவீதம். 6 போட்டால் 0.29 வோல்ட், 2.4 சதவீதம். 3 சதவீதத்துக்குள் நிறுத்துவது நல்ல இலக்கு, ஆகவே 6.

ஆம்ப்ளிஃபையருக்கு இதே கணக்கை இன்னும் கவனமாகப் போடுங்கள். 400 வாட் தொடர் திறனுள்ள கிளாஸ் டி ஆம்ப் 80 சதவீதத் திறமையில் ஓடினால் பேட்டரியிலிருந்து 500 வாட் கேட்கும். 13 வோல்ட்டில் அது ஏறத்தாழ 38 ஆம்பியர். அதே 10 மீட்டர் சுற்றுக்கு 16 சதுர மி.மீ. ஒயரில் 0.42 வோல்ட் போகும், 25-ல் 0.27. இங்கே 25 வாங்குங்கள், அல்லது ஆம்ப்பைப் பேட்டரிக்கு அருகே கொண்டுவந்து நீளத்தைக் குறையுங்கள். இரண்டாவது வழி சிக்கனமானது. ஸ்பீக்கர் ஒயர் நீண்டால் நட்டம் குறைவு, பவர் ஒயர் நீண்டால் நட்டம் அதிகம்.

விலை மலிவான ஒயர்களில் சில செம்பு முலாம் பூசிய அலுமினியம். பார்வைக்குச் செம்பு மாதிரியே இருக்கும். தடை அதிகம், ஈரத்தில் முனை பொடியாக உதிரும். இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள்: டின் பூசிய நல்ல ஒயரென்றால் வெள்ளிப் பூச்சுக்கு அடியில் சிவந்த செம்பு தெரியும், போலியென்றால் செம்புக்கு அடியில் வெள்ளை தெரியும்.

ஃபியூஸ் எங்கே, எவ்வளவு?

ஃபியூஸ் காப்பது ஒயரைத்தான், ஸ்டீரியோவை அல்ல. ஸ்டீரியோவுக்கு அதன் முதுகிலேயே ஒரு ஃபியூஸ் இருக்கும். பேட்டரிக்கும் டாஷ்போர்டுக்கும் இடையில் ஒயர் எங்காவது உரசிக் கிழிந்து மைனஸைத் தொட்டால், டாஷ்போர்டில் உள்ள ஃபியூஸால் எந்தப் பயனும் இல்லை. மின்சாரம் அதுவரை போகவே போகாது, நடுவிலேயே ஒயர் நெருப்பாகும். அதனால் ஃபியூஸ் மின்சாரம் புறப்படும் இடத்தில் இருக்க வேண்டும். இ-11 தரம் சொல்லும் அடிப்படைத் தூரம் 7 அங்குலம், ஏறத்தாழ 18 செ.மீ. பேட்டரியில் நேரடியாக இணைத்து, முழு நீளமும் குழாய்க்குள் போகும் ஒயருக்கு 72 அங்குலம் வரை தளர்வு உண்டு. இடமிருந்தால் 18 செ.மீ.க்குள்ளேயே முடித்துவிடுங்கள்.

6 சதுர மி.மீ. ஹெட் யூனிட் ஒயருக்கு 15 ஆம்பியர். ஆம்ப்புக்கு, அதன் முதுகிலுள்ள ஃபியூஸ்களைக் கூட்டிப் பாருங்கள்: இரண்டு 25 இருந்தால் பேட்டரிப் பக்கம் 50 அல்லது 60, ஒயர் அதைத் தாங்குமானால். பேட்டரி முனையிலேயே உட்காரும் எம்.ஆர்.பி.எஃப். வகை ஃபியூஸ் இதற்கு வசதி. ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிதாக மாற்றுபவர் தீயோடு விளையாடுகிறார்.

சாலிடரா, கிரிம்ப்பா?

கிரிம்ப். சாலிடர் மட்டுமே பிடிமானமாக இருக்கும் மூட்டைப் படகில் போடக்கூடாது. சாலிடர் ஒயருக்குள் ஊறி ஏறிய இடம் வரை ஒயர் கம்பி போல விறைத்துவிடும். படகு ஓயாமல் அதிரும்போது அந்த விறைப்பு முடியும் இடத்தில் இழை ஒவ்வொன்றாக முறியும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. மூட்டு சூடானால் சாலிடர் உருகிக் கழன்றுவிடவும் கூடும்.

வீட்டு ஒயரிங்கில் போடும் முறுக்குத் தொப்பிகள், இன்சுலேஷன் டேப், ஒயரை அறுத்துக் கடிக்கும் நீலக் கிளிப்கள் மூன்றும் படகுக்கு ஆகாதவை. டேப்பின் பசை வெயிலில் வழியும், உள்ளே ஈரம் தங்கும், ஒரு பருவத்தில் செம்பு பச்சைப் பொடியாகும்.

சரியான முறை: ஒயரின் தோலை டெர்மினலின் குழலுக்கு ஏற்ற நீளம் மட்டும், இழை ஒன்றும் அறுபடாமல் உரியுங்கள். ஒயரின் அளவுக்கேற்ற கனெக்டரில் முழுதாக நுழையுங்கள். ராட்செட் கருவியில் அது தானாக விடும் வரை அழுத்துங்கள். கையால் பலமாக இழுங்கள், கழன்றால் இப்போதே கழலட்டும். பிறகு சூட்டுக் காற்றால் நடுவிலிருந்து இரு ஓரத்துக்கும் சுருக்குங்கள், ஓரங்களில் பசை துளிர்த்து வெளியே தெரிய வேண்டும். பசை வராத மூட்டு நீர்புகும் மூட்டு. லைட்டரின் தீ தோலைக் கருக்கும், ஹீட் கன் வாங்குங்கள்.

ஒயரை எந்த வழியாகக் கொண்டு போவது?

படகின் அடிப்பகுதியான பில்ஜில் தேங்கும் தண்ணீர் மட்டத்துக்கு மேலாக. 45 செ.மீ.க்கு ஒரு கிளிப், துளைக்குத் துளை குரோமெட். கருவிக்குள் நுழைவதற்கு முன் ஒயர் கொஞ்சம் கீழே தாழ்ந்து வளைந்து மேலேறட்டும். ஒயரில் வழிந்துவரும் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், கனெக்டருக்குள் போகாது.

பெட்ரோல் படகில் இன்னொன்று, இதில் விட்டுக்கொடுப்பே கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தாழ்ந்த இடத்தில் தேங்கும். எஞ்சின் அறை, எரிபொருள் டேங்க் உள்ள அறை, எரிவாயு சிலிண்டர் உள்ள இடம் ஆகியவற்றில் ஆம்ப், ரிலே, சாதாரண சுவிட்ச், ஃபியூஸ் ஹோல்டர் எதையும் வைக்காதீர்கள். அங்கே வைத்தே ஆக வேண்டிய பொருளில், அதன் தீப்பொறி ஆவியைப் பற்றவைக்காது என்பதற்கான ஐ.எஸ்.ஓ. 8846 அல்லது எஸ்.ஏ.இ. ஜே 1171 முத்திரை இருக்க வேண்டும். ஸ்டீரியோ சாமான்களில் அது அனேகமாக இருப்பதில்லை. பேட்டரிப் பெட்டிக்குள் ஆம்ப் வைப்பதும் அதே வகைத் தவறு: சார்ஜ் ஆகும் ஈய-அமில பேட்டரி ஹைட்ரஜன் விடும்.

பில்ஜ் பம்ப்பின் ஒயரிலிருந்தோ, வழிகாட்டி விளக்கு, கடலில் பேசவும் உதவி கேட்கவும் உள்ள வி.எச்.எஃப். ரேடியோவின் ஒயரிலிருந்தோ ஸ்டீரியோவுக்கு மின்சாரம் எடுக்காதீர்கள். ஸ்டீரியோவின் கோளாறில் ஃபியூஸ் போகும்போது உயிர் காக்கும் கருவியும் சேர்ந்து நின்றுவிடும்.

ஸ்பீக்கருக்குத் துளை வெட்டும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் பின்னால் என்ன இருக்கிறது என்று. காந்தத்துக்கு ஆழம் இருக்கிறதா, எரிபொருள் குழாயோ ஸ்டீயரிங் கேபிளோ ஓடுகிறதா என்பதைக் கையை விட்டுத் தடவிப் பார்த்த பிறகே துளையிடுங்கள். 6.5 அங்குல ஸ்பீக்கர் என்றால் துளை 6.5 அங்குலம் அல்ல, சுமார் 13 செ.மீ.தான். பெட்டியோடு வரும் காகித அச்சை ஒட்டி வரையுங்கள்.

ஃபைபர் படகின் மேல்பூச்சான ஜெல்கோட் கண்ணாடி போலச் சில்லு பெயர்க்கும். வெட்டும் கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். வட்டத் துளை வெட்டும் ஹோல் சாவை முதலில் எதிர்த்திசையில் சுற்றவிட்டு ஜெல்கோட்டில் தடம் பதியவைத்த பிறகு நேராக வெட்டுங்கள். பலகை இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே மரமோ ஃபோமோ வைத்ததாக இருந்தால், வெட்டிய ஓரத்தை எபாக்ஸி பூசி அடைக்காமல் ஸ்பீக்கரை மாட்டாதீர்கள். அந்த ஓரத்தில் புகும் தண்ணீர் உள்மரத்தை வருடக்கணக்கில் சத்தமில்லாமல் அழுகவைக்கும். ஒரு ஸ்பீக்கருக்காகப் படகின் பலகையை இழப்பது பெரிய கொடுமை. திருகுகளைக் கையால் முறுக்குங்கள்.

திசைகாட்டியை மறந்துவிட வேண்டாம். ஸ்பீக்கரின் காந்தம் அதைத் திருப்பும். ஒரு மீட்டராவது விலகியிருக்கட்டும். துளை வெட்டுமுன் ஸ்பீக்கரை அந்த இடத்தில் பிடித்துக்கொண்டு ஊசி நகர்கிறதா என்று பாருங்கள், நகர்ந்தால் இடத்தை மாற்றுங்கள். திசைகாட்டிக்கு அருகே ஓடும் பவர் ஒயர்களின் பிளஸ்ஸையும் மைனஸையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால் அவற்றின் காந்தப்புலம் ஒன்றையொன்று அழிக்கும்.

ஒரு சேனலில் இரண்டு ஸ்பீக்கர் மாட்டலாமா?

ஓம் கணக்கைப் பொறுத்தது. இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர் இணையாக மாட்டினால் 2 ஓம், வரிசையாக மாட்டினால் 8 ஓம். ஹெட் யூனிட்டுகள் பெரும்பாலும் 4 ஓமுக்குக் கீழே தாங்காது. 2 ஓம் கொடுத்தால் சூடாகி அணையும், அல்லது அவுட்புட் ஐ.சி. எரியும். வரிசையில் மாட்டினால் பாதுகாப்பு, ஆனால் சத்தம் குறையும். ஆம்ப்ளிஃபையரில் 2 ஓமுக்கு அனுமதி இருந்தால் இணையாக மாட்டலாம். இரண்டு சேனலை ஒன்றாக்கும் பிரிட்ஜ் முறையில் சேர்த்த சேனலுக்குக் குறைந்தபட்சம் அனேகமாக 4 ஓம்.

ஸ்பீக்கர் மைனஸ்களை ஒன்றாகச் சேர்த்து எர்த்தில் கொடுக்கவே கூடாது. இக்கால ஹெட் யூனிட்டில் ஸ்பீக்கரின் இரண்டு ஒயரிலும் மின்சாரம் இருக்கும்.

50 வாட் நான்கு என்று பெட்டியில் இருக்கிறது, பிறகு ஏன் சத்தம் போதவில்லை?

14.4 வோல்ட்டை 14.4-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்தால் 26. ஆம்ப் இல்லாத ஹெட் யூனிட் 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சிதைவில்லாமல் தரக்கூடிய உச்சம் அவ்வளவுதான், நடைமுறையில் 20 வாட்டுக்கு அருகே. 50 என்பது அலை சதுரமாகத் தட்டையான பிறகு கிடைக்கும் எண், காதுக்கு அது கரகரப்பு. எஞ்சின் சத்தத்தையும் காற்றையும் மீறித் தெளிவாகக் கேட்க வேண்டுமென்றால் ஆம்ப்தான் வழி. வெட்டவெளியில் சுவர் இல்லை, ஒலி திரும்பி வருவதில்லை.

ஸ்பீக்கர்கள் ஓடுகின்றன, ஆனால் பாஸ் வரவில்லை.

ஒரு ஸ்பீக்கரின் பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறது. ஒன்று முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கிறது, தாழ்ந்த ஒலி ஒன்றையொன்று விழுங்கிவிடுகிறது. ஸ்பீக்கர் ஒயரை ஹெட் யூனிட்டிலிருந்து கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியின் மைனஸை மைனஸ் ஒயரில் வைத்து, பிளஸ்ஸை பிளஸ் ஒயரில் ஒரு கணம் தொடுங்கள். கோன் வெளியே தள்ளினால் சரி. எல்லா ஸ்பீக்கரும் ஒரே பக்கம் நகர வேண்டும்.

ஆம்ப்ளிஃபையரை எங்கே, எப்படி?

உலர்ந்த, காற்றோட்டமுள்ள, தண்ணீர் தேங்காத உயரத்தில். செங்குத்துப் பலகையில், சுற்றிலும் 5 செ.மீ. இடம் விட்டு, ஒயர்கள் கீழ்ப்பக்கமாக வெளியேறும்படி. ரிமோட் ஒயர் ஹெட் யூனிட்டின் நீலம்-வெள்ளையிலிருந்து வரட்டும். அதை நேரடியாகப் பிளஸ்ஸில் கொடுத்தால் ஆம்ப் இரவெல்லாம் விழித்திருக்கும்.

கெயின் திருகை ஒலி கூட்டும் திருகு என்று நினைப்பதால்தான் ஸ்பீக்கர்கள் எரிகின்றன. கெயினை முழுக்கக் குறையுங்கள். ஹெட் யூனிட்டின் ஒலியை முக்கால் அளவுக்கு ஏற்றி, பழகிய பாட்டு ஒன்றைப் போட்டு, கரகரப்பு தொடங்கும் வரை கெயினை மெல்லத் திருப்பி, கொஞ்சம் பின்வாங்கி நிறுத்துங்கள். 6.5 அங்குல ஸ்பீக்கருக்கு ஹை-பாஸ் ஃபில்ட்டரை 80 ஹெர்ட்ஸ் அருகே வையுங்கள். அவற்றால் தர முடியாத ஆழ்ந்த பாஸை வெட்டினால் மிச்சமெல்லாம் தெளியும்.

எஞ்சினை முடுக்கினால் ஸ்பீக்கரிலும் "ஙீ" என்று ஒலி ஏறுகிறது.

அது ஆல்டர்னேட்டரின் ஒலி. பெரும்பாலும் மைனஸ் பாதையில் குறை. ஒழுங்காகப் பிரித்துத் தேடினால் அரை மணியில் பிடிபடும். ஹெட் யூனிட்டின் ஒலியை ஆம்ப்புக்குக் கொண்டுவரும் ஆர்.சி.ஏ. ஒயரை ஆம்ப்பிலிருந்து கழற்றுங்கள். ஒலி அப்படியே இருந்தால் ஆம்ப்பின் பவர், மைனஸ், அல்லது ஸ்பீக்கர் ஒயரில் குறை. நின்றுவிட்டால் குறை அதற்கு முந்தைய பகுதியில். இப்போது மின்சாரத்தோடு இணைக்காத செல்போனை நேராக ஆம்ப்பின் ஆர்.சி.ஏ.வில் கொடுங்கள். சுத்தமாக இருந்தால் ஹெட் யூனிட்டின் மைனஸையோ ஆர்.சி.ஏ. ஒயரையோ சரிசெய்ய வேண்டும்.

மருந்து வரிசை: இரண்டு கருவிகளின் மைனஸையும் ஒரே பஸ் பாருக்குக் கொண்டுவாருங்கள். ஆர்.சி.ஏ.வைப் பவர் ஒயரிலிருந்து பிரித்து, முடிந்தால் படகின் மறுபக்கம் ஓட்டுங்கள், குறுக்கிட்டால் செங்கோணமாகக் கடக்கட்டும். முறுக்கிய இணை வகை ஆர்.சி.ஏ. வாங்குங்கள். ஒலிவழியில் போடும் ஐசலேட்டர் கடைசி மருந்து, அது நோயை மறைக்கும், குணப்படுத்தாது.

போனைச் சார்ஜில் போட்டுக்கொண்டே ஆக்ஸ் ஒயரில் பாட்டுக் கேட்கும்போது மட்டும் இரைந்தால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். விடை அங்கேதான்.

ஸ்டீரியோ வி.எச்.எஃப். ரேடியோவைக் கெடுக்குமா?

கெடுக்கலாம், இதைச் சோதிக்காமல் படகை எடுக்காதீர்கள். கிளாஸ் டி ஆம்ப், மலிவான யு.எஸ்.பி. சார்ஜர், ஸ்பீக்கரில் மின்னும் எல்.இ.டி. எல்லாமே வேகமாகச் சுவிட்ச் ஆகும் சுற்றுகள். எல்.இ.டி. விளக்குகள் வி.எச்.எஃப். ஏற்பைக் குறைக்கின்றன என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018-ல் எச்சரிக்கையே வெளியிட்டது. சோதனை எளிது. ஸ்டீரியோவும் எல்.இ.டி.யும் அணைந்திருக்க, ஆளில்லாத சேனலில் பின்னணி இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச் திருகை, இரைச்சல் அடங்கும் அந்த இடத்தில் நிறுத்துங்கள். இப்போது ஒவ்வொன்றாகப் போடுங்கள். இரைச்சல் எழுந்தால் அந்தக் கருவி 16-ஆம் சேனலில் வரும் மங்கலான அபயக் குரலை விழுங்கும் என்று பொருள். ஆன்டெனா கேபிளிலிருந்து அதை விலக்குங்கள், ஒயரில் ஃபெரைட் வளையம் மாட்டுங்கள். அப்படியும் தீராவிட்டால் கருவியையே மாற்றுங்கள்.

எஃப்.எம். சரியாக எடுக்கவில்லையே?

கார் ஏரியலுக்குக் கீழே உலோக உடம்பு வேண்டும். ஃபைபர் படகில் அது இல்லை. உலோகத் தளம் தேவைப்படாத படகு ஏரியல் வாங்கி, உயரமாக, வி.எச்.எஃப். ஆன்டெனாவிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி மாட்டுங்கள்.

எஞ்சின் அணைந்த நிலையில் எவ்வளவு நேரம் கேட்கலாம்?

100 ஆம்பியர்-அவர் ஈய-அமில பேட்டரியில் பாதியை மட்டுமே செலவிடலாம், 50. ஹெட் யூனிட் மட்டும் மிதமான ஒலியில் 4 ஆம்பியர் இழுத்தால் 12 மணி நேரம். மேலே சொன்ன 400 வாட் ஆம்ப்பை உரக்க ஓட்டினால், இசையின் சராசரி உச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று கொண்டால், 13 ஆம்பியர், 4 மணிக்கும் குறைவு. ஓய்ந்திருக்கும் பேட்டரியில் 12.7 வோல்ட் முழு நிறைவு, 12.2 பாதி.

எதுவானாலும் எஞ்சினைக் கிளப்பும் பேட்டரியிலிருந்து ஸ்டீரியோ ஓடக்கூடாது. தனி பேட்டரி வையுங்கள், இரண்டுக்கும் நடுவே வோல்டேஜ் உணரும் ரிலே. சார்ஜ் வந்து வோல்ட் ஏறத்தாழ 13.3-ஐத் தாண்டினால் அது இரண்டையும் சேர்க்கும், 12.8-க்கு இறங்கினால் பிரிக்கும். நடுக்கடலில் பாட்டுக் கேட்டுக் கிளப்பும் பேட்டரியை இறக்கிவிட்டால் உதவிக்குக் கூப்பிடும் ரேடியோவும் அதோடு போகலாம்.

படகில் 24 வோல்ட். ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 எடுக்கலாமா?

கூடாது. ஒரு பேட்டரி காலியாகி மற்றது மிகைச் சார்ஜில் வேகும், இரண்டும் சீக்கிரம் சாகும். 24-லிருந்து 12-க்கு மாற்றும் கன்வெர்ட்டர் போடுங்கள், உச்ச ஆம்பியரைத் தாங்கும் அளவில்.

எஞ்சினைக் கிளப்பும்போது செட் அணைந்து எழுகிறது.

ஸ்டார்ட்டர் இழுக்கும்போது வோல்ட் 10-க்குக் கீழே போகிறது. தனி பேட்டரி இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

சத்தம் கூட்டினால் மட்டும் அணைகிறது, அல்லது ஆம்ப்பில் "புரொடெக்ட்" விளக்கு எரிகிறது.

ஒயரில் வோல்ட் தொலைகிறது. அது எங்கே தொலைகிறது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு நேர் வழி உண்டு. பாட்டை உரக்க ஓடவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பிளஸ்ஸிலும் மறுமுனையை ஆம்ப்பின் பிளஸ்ஸிலும் வையுங்கள். மீட்டர் காட்டுவதே அந்தப் பாதையில் தொலையும் வோல்ட். மைனஸுக்கும் அப்படியே. 0.2-க்கு மேல் காட்டினால் ஒவ்வொரு மூட்டாக முனையை நகர்த்திக்கொண்டே வாருங்கள், எண் திடீரென்று குதிக்கும் மூட்டுதான் குற்றவாளி. அனேகமாக அது ஃபியூஸ் ஹோல்டராக இருக்கும், தொட்டால் சுடும்.

வோல்ட் சரியாக இருந்தும் புரொடெக்ட் எரிந்தால் ஸ்பீக்கர் ஒயர்களை எல்லாம் கழற்றுங்கள். விளக்கு அணைந்தால் ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டி, எது உரசிக் குறுக்கிணைப்பு ஆகியிருக்கிறது என்று பாருங்கள். எல்லாம் கழற்றியும் எரிந்தால் ஆம்ப் உள்ளேயே பழுது.

வேலையை முடித்து மின்சாரம் கொடுக்கும் வரிசை?

தொடங்கும்போது பேட்டரியின் மைனஸை முதலில் கழற்றுங்கள், முடிக்கும்போது கடைசியில் மாட்டுங்கள். மாட்டுமுன் ஃபியூஸை எடுத்துவிட்டு, பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் இடையே தொடர்ச்சி இல்லை என்பதை மீட்டரில் பாருங்கள். முதல்முறை 15-க்குப் பதில் 5 ஆம்பியர் ஃபியூஸ் போட்டுக் குறைந்த ஒலியில் ஓட்டுங்கள். தவறு இருந்தால் சின்ன ஃபியூஸ் சீக்கிரம் போய்ச் சொல்லிவிடும். பிறகு சரியான ஃபியூஸைப் போட்டு, ஒரு மணி நேரம் உரக்க ஓடவிட்டு, ஒவ்வொரு மூட்டையும் விரலால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கும் மூட்டை அன்றே வெட்டி மறுபடி கிரிம்ப் செய்யுங்கள்.